சத்தம் போடாத கம்ப்ரஸர்

ஜனவரி 12

அண்ணா,

கடிதம் என்றதும் பயந்துவிடாதே. வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் போன் அப்பாவுடையது, அவர் நம்பர் வந்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்குப் பேச வராது, "ம்", "ம்" என்று சொல்லியே காசு தீர்ந்துவிடும். எழுதினால் கொஞ்சம் வருகிறது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு எழுதுவது இப்போதுதான். தப்பு இருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடு.

நம் வீட்டுப் பட்டறைக்கு ஒரு கம்ப்ரஸர் வாங்க வேண்டும். நீ வேலை செய்யும் தொழிற்சாலையில் கம்ப்ரஸர் அறையே உன் பொறுப்பு என்று அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறாள். அதனால் உன்னைக் கேட்கிறேன்.

பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். வாசலில் ஒன்று பெரிதாக, பெல்ட் போட்டு, மாட்டு வண்டி அளவுக்கு நின்றது. உள்ளே சிவப்பாக ஒரு சின்னது. கடைக்காரர், "எதுக்கும்மா? டயருக்குக் காத்தடிக்கவா, பெயிண்ட் அடிக்கவா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தொண்டை வரைக்கும் வந்தது. "என்னம்மா, வாய்க்குப் பூட்டு போட்டு சாவிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டியா?" என்றார். அங்கிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வந்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது இதுதான். அதிகமாகச் சத்தம் போடக் கூடாது. எண்ணெய் ஊற்றுகிற வகையாக இருக்கக் கூடாது, அந்த வாடை அம்மாவுக்கு ஆகாது. அம்மாவின் ஆக்ஸிஜன் மெஷின் ஓடும்போதே இதுவும் ஓட வேண்டும். பட்டறைக்கும் அம்மா படுத்திருக்கும் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர் என்பது உனக்குத் தெரியும். டேங்க் சின்னதாக இருந்தால் போதும்.

அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள். "எப்படி இருக்கான்னு கேட்டேன்னு எழுது" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "எளைச்சிட்டானான்னும் எழுது" என்றாள்.

பூனை


ஜனவரி 24

பூனை,

கடிதத்தில் தப்பு ஒன்றும் இல்லை. என்னைவிட நன்றாகவே எழுதுகிறாய். ஆனால் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் ஸ்ப்ரே பெயிண்டிங்கா? பட்டது போதாதா அப்பாவுக்கு? ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அவரைப் பார்த்து, "நீங்க அடிச்ச பெயிண்ட்தான் அம்மா நெஞ்சுல போய் உக்காந்திருக்கு" என்று சொன்னபோது நீயும்தான் இருந்தாய். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். எதற்குக் கிளம்பினேன் என்று இன்னும் அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது.

தனக்குக் கேட்க வாய் வராமல் உன்னை விட்டுக் கேட்கிறாரா? அப்படியென்றால் அவரிடம் சொல். சின்ன டேங்க்கை வைத்துக்கொண்டு ஒரு அலமாரிக் கதவுக்குக்கூட ஸ்ப்ரே வராது. கன் பிடித்த கையை எடுப்பதற்குள் காற்று தீர்ந்து, பெயிண்ட் துப்பத் தொடங்கிவிடும். நூறு லிட்டருக்கு மேல் டேங்க் வேண்டும், பெல்ட் வேண்டும், எண்ணெய் வேண்டும். அது காது கிழிய ஓடும். இத்தனை வருஷம் அதோடு வாழ்ந்தவருக்கு இது தெரியாதா?

பழைய கம்ப்ரஸருக்கு என்ன கேடு? பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் மாற்றினால் ஆயிற்று.

எதுவானாலும் அந்த வீட்டுக்குள் பெயிண்ட் அடிக்க நான் வழி சொல்ல மாட்டேன். இதற்குமேல் இதைப் பற்றி எழுதாதே. அம்மா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுது. நான் இளைக்கவில்லை.

அண்ணன்


பிப்ரவரி 2

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதாவிட்டால் நீ இப்படியே நினைத்துக்கொண்டிருப்பாய்.

கம்ப்ரஸர் பெயிண்ட் அடிக்க இல்லை. எனக்கு. நான் சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை வைத்துத் துணி மாற்றிக் கொடுக்கிறேன். யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. மாடி வீட்டு அக்கா தூக்கிப் போட இருந்த சோபாவைக் கேட்டு வாங்கி, எந்தத் துணிக்குமேல் எந்தத் துணி வருகிறது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தேன். அதே வரிசையில் திருப்பிக் கட்டினேன். அந்த அக்கா உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏய், எங்க வீட்டுக்காரர் பள்ளமாக்கின எடம் எங்கடி போச்சு?" என்றாள். அதிலிருந்து வேலை வருகிறது.

துணியைச் சட்டத்தில் இழுத்துப் பிடித்துச் சின்ன ஆணி அடிக்க வேண்டும். ஒரு சோபாவுக்கு நூற்றுக்கணக்கில். ஆணியெல்லாம் வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பேன். அதில் ஒரு சௌகரியம், வாயில் ஆணி இருக்கும்போது யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் சுவர் அதிர்கிறது. தூங்குகிற அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அதனால் அவள் விழித்திருக்கும்போது மட்டும் அடிக்கிறேன். எட்டிப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டே, "அடி அடி, நான் முழிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்கிறாள். காற்றில் ஓடும் ஸ்டேப்ளர் இருந்தால் தட்டவே வேண்டாம். வைத்து அழுத்தினால் போதும். அதற்குத்தான் கம்ப்ரஸர்.

பழையது என்ன ஆயிற்று என்று கேட்டாய். நீ போன மறுநாள் காலையில் பழைய இரும்பு வாங்குகிறவர் தெருவில் வந்தார். அப்பா அவரைக் கூப்பிட்டுப் பட்டறையைத் திறந்துவிட்டார். வந்தவரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா ஓடுற மெஷின எவனாவது எடைக்குப் போடுவானா? போதையில இருக்கியாய்யா?" என்றார். அப்பா, "தூக்கு, ஒரு கை பிடிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். ஸ்ப்ரே கன், ஹோஸ், அதற்கென்று இழுத்திருந்த வயர், எல்லாம் அதோடு போயிற்று.

அன்றிலிருந்து ப்ரஷ்தான். அதுவும் வீட்டுக்குள் இல்லை, பின்பக்கம் வெட்டவெளியில். தேய்ப்பதும் தண்ணீர் விட்டுத்தான், தூசி பறக்கக் கூடாது என்று. கண்ணாடி மாதிரி வேண்டும் என்கிறவர்கள் வருவதில்லை. ஒருவர் கதவைத் தடவிப் பார்த்து, "என்ன மேஸ்திரி, ப்ரஷ் கோடு தெரியுதே" என்றார். "தெரியட்டும்" என்றார் அப்பா. அவரும் வருவதில்லை.

அம்மா ஆக்ஸிஜன் மெஷினுக்குப் பெயர் வைத்திருக்கிறாள், மாமியார் என்று. "எந்நேரமும் பக்கத்துலயே உக்காந்து பெருமூச்சு விட்டுட்டிருக்கு பாரு" என்கிறாள்.

நான் உனக்கு எழுதுவது அப்பாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறார். ஸ்டாம்ப் மட்டும் மேஜைமேல் வைத்திருந்தார்.

பூனை


பிப்ரவரி 13

பூனை,

எடைக்குப் போட்டது எனக்குத் தெரியாது.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஸ்டேப்ளருக்குக் காற்று கொஞ்சம்தான் வேண்டும், ஒரு அழுத்தலுக்கு ஒரு வாய் அளவு. இருபத்துநாலு லிட்டர் டேங்க் தாராளம். எண்ணெய் இல்லாத வகை என்று நீ சொன்னது சரி. ஆனால் அதில் இரண்டு ஜாதி இருக்கிறது. மோட்டார் படுவேகமாகச் சுற்றுவது ஒன்று, விலை குறைவு, தெருமுனை வரைக்கும் அலறும். நீ பார்த்த சிவப்பு அதுவாகத்தான் இருக்கும். மற்றது அதில் பாதி வேகத்தில் சுற்றும். நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூறு சுற்று. பல் டாக்டர்கள் வைத்திருப்பார்களே, அது. கடையில் போய், "மோட்டார் எத்தனை சுற்று?" என்று மட்டும் கேள். கேட்க வாய் வராவிட்டால் ஒரு தாளில் எழுதிக் காட்டு.

இன்னொன்று. எந்த மோட்டாரும் கிளம்பும் அந்த நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அம்மாவின் மெஷின் இருக்கிற லைனில் எந்தக் காரணத்தைக் கொண்டும் செருகாதே.

ப்ரஷ்ஷில் அடித்தால் அவருக்குத் தோள் வலிக்குமே. வலது தோள். முன்பே வலிக்கும்.

அண்ணன்


பிப்ரவரி 25

அண்ணா,

தாளில் எழுதிக்கொண்டு போனேன். ஆனால் காட்டவில்லை, வாயாலேயே கேட்டுவிட்டேன். "மோட்டார் எத்தனை சுற்று?" கடைக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். "யம்மா, நீயா பேசின?" என்றார். ரெண்டாயிரத்து எண்ணூறு என்று பெட்டியில் போட்டிருந்தது. "பாதி வேகத்துல சுத்துறது இல்லியா?" என்றேன். "அதெல்லாம் இங்க வராது. இத ஒரு நாள் எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாரு. புடிக்கலன்னா கொண்டாந்து குடுத்துடு, எங்க போயிடப் போற" என்றார்.

எடுத்துக்கொண்டு வந்தேன். நீ சொன்னது ஞாபகம் இருந்தது. அம்மாவின் அறையில் செருகவில்லை. சமையலறையில் செருகினேன், அது வேறு லைன் என்று நினைத்துக்கொண்டு. நம் வீட்டில் இருப்பதே ஒரு லைன்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஸ்விட்சைப் போட்டேன். ஒரு உறுமல். வீடே அணைந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் மெஷின் கத்த ஆரம்பித்தது. கரண்ட் போனால் கத்துமே, அந்தக் கத்தல். அப்பா பின்பக்கத்திலிருந்து பெயிண்ட் கையோடு ஓடி வந்தார். அவசரத்துக்கு வைத்திருக்கும் சிலிண்டரில் குழாயை மாட்டப் போனார், பெயிண்ட் கை வழுக்கியது. நான்தான் மாட்டினேன். அப்பா ஃப்யூஸைப் பார்க்க ஓடினார்.

மெஷின் திரும்ப ஓடியதும் அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் முகம் எப்படி இருந்ததோ. "மாமியாரும் மருமகளும் ஒரே லைன்ல இருந்தா ஃப்யூஸ் போகாம என்ன பண்ணும்?" என்றாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. அப்பா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அவள் புடவையில் எல்லாம் பச்சைப் பெயிண்ட்.

சிவப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இனி வருகிற கம்ப்ரஸருக்குப் பெயர் மருமகள் என்று முடிவாகிவிட்டது.

பெயிண்ட் விஷயத்தை அம்மாவே பேசினாள். நீ சொன்னதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, ஆனாலும் தெரிந்திருக்கிறது. "பக்கத்துல உக்காந்து தேய்ச்சது நானு. மாஸ்க் போடுன்னார், மூக்குல வேர்க்குதுன்னு கழட்டி வச்சதும் நானு. அவர எதுக்கு இவன் சொல்றான்?" என்றாள். இதை எழுது என்று சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை.

உன்னை ஒரு தடவை வரச் சொன்னாள்.

பூனை


மார்ச் 8

பூனை,

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது என்றால், எங்கே கிடைக்கும் என்பது கிடைத்துவிட்டது. இங்கே பல் ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் விற்கிற ஒரு கடை. ஆயிரத்து நானூறு சுற்று, இருபத்துநாலு லிட்டர், எண்ணெய் இல்லை. இப்போது கைவசம் இல்லையாம், அடுத்த லோடில் வருகிறதாம். ஒன்றை என் பெயரில் எழுதி வைத்துவிட்டேன். பார்சலில் போட்டால் போட்டு உடைத்துவிடுவார்கள். நானே கொண்டு வருகிறேன். மேனேஜரிடம் லீவு கேட்டிருக்கிறேன், லோடு வந்ததும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அதற்குள் ஒரு வேலை முடிந்திருக்க வேண்டும். மீட்டர் பலகையிலிருந்தே பட்டறைக்குத் தனியாக ஒரு லைன் இழுக்க வேண்டும். நாலு ஸ்கொயர் பருமனில் வயர், தனி ப்ரேக்கர், எர்த் கட்டாயம். வயர் அம்மாவின் அறை வழியாக வரக் கூடாது, வெளிச் சுவரைச் சுற்றி வரட்டும். அந்தப் பலகையின் குணம் தெரிந்தவர் ஒருவர்தான். இந்தப் பத்தியை மட்டும் அப்பாவிடம் படித்துக் காட்டு.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

அந்தப் பத்தியை மட்டும் படித்துக் காட்டினேன். அப்பா, "அந்த எடத்த இன்னொரு தடவ படி" என்றார். எந்த இடம் என்று கேட்டேன். "வயர் எடம்" என்றார். படித்தேன். "நாலு ஸ்கொயரா? ரெண்டரையே தாங்கும். அங்க பெரிய மெஷினாப் பாத்துப் பாத்து இவனுக்குக் கண்ணு பெரிசாயிடுச்சு" என்றார். கடைக்குப் போய் நாலு ஸ்கொயர்தான் வாங்கிக்கொண்டு வந்தார். கடிதம் இப்போது அவர் சட்டைப் பையில் இருக்கிறது. நான் கேட்கவில்லை.

லைன் இழுத்தாயிற்று. நீ சொன்னபடி வெளிச் சுவரைச் சுற்றித்தான். அம்மா கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னாள். அப்பா ஏணியில் நிற்கும்போது, "கிளிப்பு கோணலா இருக்கு", "இன்னும் கொஞ்சம் மேல" என்று உள்ளே இருந்தபடியே வேலை வாங்கினாள். அப்பா, "உன் மருமக வர்றதுக்குள்ள என் இடுப்பு போயிடும்" என்றார். ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் அப்படிப் பேசிக்கொண்டதைக் கேட்டேன்.

டாக்டர் வந்தார். மெஷினில் அளவைக் கூட்டி வைத்துவிட்டுப் போனார். இனி அதற்குமேல் அந்த மெஷினில் கூட்ட முடியாதாம். அம்மா நேற்று முழுக்கத் தூங்கினாள். நான் சுத்தியலை எடுக்கவில்லை.

லோடு வரத் தாமதமாகும் என்றால் சத்தம் போடுகிறதே ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை என்கிறாள் அம்மா. "சத்தம் இருந்தா இருந்துட்டுப் போகுது" என்றாள்.

பூனை


மார்ச் 30

பூனை,

அம்மாவிடம் சொல், சத்தம் போடுவதெல்லாம் வேண்டாம். இவ்வளவு பொறுத்தோம், அடுத்த வாரம் லோடு வந்துவிடும் என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார். அவசரப்பட்டுக் கத்துகிற மெஷினை அந்தச் சுவர் ஓரத்தில் வைக்க எனக்கு மனசு வராது.

எனக்கும் சந்தேகம் இருந்தது, நிஜமாகவே சத்தம் குறைவுதானா என்று. அதனால் நேரில் கேட்டுவிடலாம் என்று ஒரு பல் டாக்டரிடம் போனேன். எதற்கு வந்தாய் என்றால் என்ன சொல்வது? பல் வலி என்றேன். நாற்காலியில் படுக்க வைத்துவிட்டார். கம்ப்ரஸர் எங்கே, எங்கே என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். "ஆட்டாதப்பா தலைய" என்று அதட்டினார். கடைசியில் உண்மையைச் சொன்னேன். அவர் நர்ஸைப் பார்த்து, "பல்லு காட்ட வரலயாம், கம்ப்ரஸர் பாக்க வந்திருக்காராம்" என்றார். ஆனால் நல்ல மனுஷன். பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து காதை வைத்துக் கேட்டேன். பூனை, அதன் பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசலாம். தூங்குகிறவர்களை எழுப்பாது. திரும்பும்போது, "பல்லு வலின்னு சும்மா சொன்னீங்க, ஆனா கடவாய்ப் பல்லுல நிஜமாவே சொத்தை இருக்கு" என்றார்.

அடுத்த வாரம்.

அண்ணன்


ஏப்ரல் 29

அண்ணா,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று அப்பாவின் போனுக்கு மெசேஜ் வந்தது. "போய்ட்டேன்" என்று ஒரே ஒரு சொல். அதைப் பலமுறை எடுத்துப் பார்த்தார்.

நீ இங்கே இருந்த நாட்களில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எதிரில் நீ உட்கார்ந்திருந்தாய், எனக்கு வாய் வரவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

உன் கடைசிக் கடிதம் அம்மா இருக்கும்போதே வந்துவிட்டது. அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பல் டாக்டர் இடம் வந்ததும் கண்ணைத் திறந்தாள். "காத வச்சா கேட்டான்?" என்றாள். ஆமாம் என்றேன். "பைத்தியக்காரன்" என்றாள். சொத்தைப் பல் இடத்தை இரண்டாவது தடவை படிக்கச் சொன்னாள். சிரித்தாள், சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அப்பா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் சிரித்தார். உன் கடிதத்துக்கு அவர் சிரித்ததை அம்மா பார்த்தாள். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ பஸ் ஏறிவிட்டாய் என்று மெசேஜ் வந்ததும் அம்மா தலை வாரிவிடச் சொன்னாள். வாரினேன். பின்னி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். தலையணையில் சாய்த்துவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மெஷின் எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்தது, அதனால் எனக்குத் தெரியவில்லை. அப்பா டீ கொண்டு வந்து வைத்துவிட்டு, அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து மெஷினை அவரே அணைத்தார். அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வலி இல்லை அண்ணா. முகம் நன்றாக இருந்தது. நீ வந்தபோது பார்த்தது போலத்தான்.

மெஷினை வாடகைக்குக் கொடுத்தவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அது இருந்த இடத்தில் தரையில் சதுரமாக ஒரு வெள்ளைத் தடம் இருக்கிறது.

நீயும் அப்பாவும் கம்ப்ரஸரைப் பொருத்திய நாளில் நான் கதவோரம்தான் நின்றேன். "பிடி." "விடு." "அந்த ஸ்பானர்." அதற்குமேல் ஏதாவது சொல்வீர்கள் என்று கடைசி வரை நின்றேன்.

பூனை


மே 10

பூனை,

பஸ்ஸில் இடம் இல்லை என்று கம்ப்ரஸர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். பாதி வழியில் போன் அடித்தது. அப்பா நம்பர். நான் கிளம்பிப் போனதிலிருந்து அந்த நம்பரை எடுத்ததே இல்லை. எடுத்தேன். மூச்சு மட்டும் கேட்டது. எதற்காகக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போனைக் காதிலேயே வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "என்ன தம்பி, அதிகக் கனமா? கீழ வச்சிடலாமே" என்றார். வேண்டாம் என்றேன்.

வராந்தாவில் சொன்ன வார்த்தையை எப்படித் திருப்பி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பொருத்தும்போது சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் ஸ்பானர் கேட்டுவிட்டேன்.

டேங்க்குக்கு அடியில் ஒரு திருகு இருக்கிறது. வேலை முடிந்ததும் தினமும் திறந்து உள்ளே சேர்ந்த தண்ணீரை வடித்துவிடு. மறந்தால் உள்ளே துருப்பிடிக்கும். சரியாக ஓடுகிறதா என்று எழுது.

அண்ணன்


மே 22

அண்ணா,

தண்ணீரைத் தினமும் வடிக்கிறேன். ஸ்டேப்ளர் நன்றாக இருக்கிறது. சத்தம் நீ சொன்னது போலவே குறைவுதான். வாயில் ஆணி இல்லை என்பதால் வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் பேசுகிறார்கள். சமாளிக்கிறேன்.

ஒரே ஒரு கோளாறு. நான் வேலை செய்யாதபோதும் அது தானாகக் கிளம்பி ஓடுகிறது. பட்டறையில் யாரும் இல்லாமல், கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானே நின்றுவிடும். எங்கோ காற்று கசிகிறது என்றுதானே அர்த்தம்? முதல் தடவை அது ஓடியபோது நானும் அப்பாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வீட்டில் வேறு சத்தமே இல்லை. அம்மாவின் மெஷின் போன பிறகு வீடு எப்படி ஆகிவிட்டது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மெதுவாக அது ஓட ஆரம்பித்ததும் அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அணைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். "உக்காரு. ஓடட்டும்" என்றார்.

அடுத்த நாள் சோப்பு நுரையை ஒவ்வொரு ஜாயிண்டிலும் தடவிப் பார்த்தேன். ஹோஸ் தொடங்கும் இடத்தில் சின்னச் சின்னக் குமிழாக வந்தது. நீ டேப் சுற்றி முடுக்கிய ஜாயிண்ட். அரைச் சுற்று முடுக்கினால் நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

கம்ப்ரஸர் பற்றி விசாரிக்க வந்த பாலத்துக் கடைக்காரரே, "குடு, நான் முடுக்கித் தர்றேன்" என்று குனிந்தார். அப்பா பின்பக்கத்திலிருந்து வந்து அவர் கையைப் பிடித்துவிட்டார். "வேணாம். எம்புள்ள போட்டது. அவன் வந்து பாப்பான்" என்றார். எந்தப் பிள்ளை, எங்கே இருக்கிறான், எப்போது வருவான் என்று அவர் கேட்க, அப்பா நின்றபடியே உன்னைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். கம்ப்ரஸர் அறை முழுக்க உன் பொறுப்பு என்றும் சொன்னார்.

அந்த ஜாயிண்டுக்குப் பொருந்துகிற ஸ்பானர் என் பெட்டியில் இருக்கிறது. நான் முடுக்கப் போவதில்லை.

சத்தம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, வயர் எவ்வளவு பருமன் என்றெல்லாம் உனக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். நீயும் எழுதினாய். அம்மா உன்னை வரச் சொன்னதை மட்டும் ஒரே வரியில் கடைசியில் போட்டேன். இந்தத் தடவை அதை முதல் வரியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை, மறுபடியும் கடைசிக்குத்தான் வந்திருக்கிறது.

வா அண்ணா. நீ அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். வந்து அந்த ஜாயிண்டைப் பார். கசிவு சின்னதுதான், டேங்க் தாங்கும். நீ வரும்வரை கசிந்துகொண்டிருக்கட்டும்.

பூனை